மூணு மாச ஆவரேஜ் 7.2 தான், ஆனா அப்பாவுக்கு மூணு அடைப்பு. சுகர் ஏறி ஏறி இறங்குறது இதயத்தை என்ன பண்ணுது?

செவ்வாப்பேட்டை மகன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், எழுதினதே இல்ல. வீட்ல ஒன்னு நடந்துபோச்சு, அது இன்னும் மனச விட்டு போகல, அதான் எழுதுறேன்.

எங்கப்பாவுக்கு 61 வயசு. சேலம் செவ்வாப்பேட்டையில வெள்ளிக் கொலுசு பட்டறை. சுகர் வந்து 14 வருசம் ஆச்சு. மாத்திரைய ஒரு நாள் கூட விட்டதில்ல, அதுல கெட்டி. மூணு மாசத்துக்கு ஒருக்கா எச்பிஏ1சி, அதான் மூணு மாச சுகர் ஆவரேஜ காட்டற ரத்த டெஸ்ட், எடுப்போம், 7.1, 7.3, 7.2 இப்படித்தான் வரும். நாங்க காட்டிட்டிருந்த கிளினிக்ல அந்த ஒரு நம்பர பாத்துட்டு நல்லா இருக்கு இதையே கன்டினியூ பண்ணுங்கன்னு சொல்லி அனுப்பிடுவாங்க, நாங்களும் சந்தோசமா வந்துடுவோம்.

போன பங்குனியில ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குச்சு, சட்டை நனைஞ்சு போற மாதிரி வேர்வை. நெஞ்சு வலி சுத்தமா இல்லைங்க. கேஸ்னு சொல்லிட்டு ஓமத் தண்ணி குடிச்சிட்டு படுத்துட்டாரு. மூணு நாள் கழிச்சு கால் வீங்கினப்பதான் ஈசிஜி எடுத்தோம். அட்டாக் ஏற்கனவே வந்து போயிருக்குன்னாங்க. எக்கோவுல இதயம் பம்ப் பண்றது கம்மி, ஆஞ்சியோவுல மூணு அடைப்பு, பைபாஸ் ஆச்சு. இப்ப வீட்ல இருக்காரு.

ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தப்ப சும்மா அவரோட சுகர் மிஷின எடுத்து பழைய ரீடிங்க தள்ளி தள்ளி பாத்தேன். 312, 68, 241, 52, 118, 287, 61. ஏழையும் கூட்டி வகுத்தா 163 வருது. லேப் ரிப்போர்ட்ல 7.2க்கு கீழ சராசரி குளுக்கோஸ்னு போட்டிருந்தது 160. கணக்கு சரியாத்தான் இருக்கு, ஆனா உள்ள மனுசன் ஒரு நாள் 312, ஒரு நாள் 52ன்னு வாழ்ந்திருக்காரு, எங்க யாருக்கும் தெரியல.

இந்த ஏத்த இறக்கத்துக்கும் அடைப்புக்கும் சம்பந்தம் இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. பீடி சிகரெட் கிடையாது. பிபிக்கு மாத்திரை சாப்பிடுறாரு.

ஓய்வு நர்ஸ் அயோத்தியாப்பட்டணம்:

படிக்கும்போதே மனசு கஷ்டமா போச்சு கண்ணு. நான் 31 வருசம் வார்டுல வேலை பாத்தவ. மொத ஒன்னு சொல்றேன், வலி வரலைன்னு உங்க யார் மேலயும் தப்பு சொல்லிக்காதீங்க. பல வருசம் சுகர் இருந்தா கால் நரம்பு மரத்துப் போற மாதிரி இதயத்துக்கு போற நரம்பும் மரத்துப் போகும். வலியக் கொண்டு போய் மூளைக்கு சொல்ல வேண்டிய கம்பியே அறுந்த மாதிரி. அதனால சுகர்காரங்களுக்கு திடீர்னு காரணமில்லாத வேர்வை, மூச்சு வாங்குறது, மேல் வயித்துல ஒரு பாரம், தாடை இல்ல தோள்பட்டை இழுக்கறது, என்னன்னே தெரியாத அசதி, இதுல எது வந்தாலும் கேஸ்னு முடிவு பண்ணக்கூடாது, ஈசிஜி எடுத்துடணும். 108க்கு அடிச்சா வந்துடுவான். பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தா அங்க போனாலும் ஈசிஜி பாப்பாங்க, 2023ல கொண்டு வந்த இதயம் காப்போம் திட்டத்துல அட்டாக்னு சந்தேகம் வந்தா மொத டோஸ் மாத்திரைய அங்கயே குடுத்துதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க.

ரெண்டாவது, அந்த 52, 61, 68 எல்லாம் எந்த நேரத்துல வந்ததுன்னு மிஷின்லயே இருக்கும். பாத்து சொல்லுங்க.

செவ்வாப்பேட்டை மகன்:

பாத்தேங்கக்கா. மூணுமே மத்தியானம் பன்னெண்டுல இருந்து ரெண்டுக்குள்ள. 287, 312 ரெண்டும் ராத்திரி. அம்மாகிட்ட கேட்டப்பதான் புரிஞ்சுது. காலைல மாத்திரைய போட்டுட்டு ஒரு டீ, ஒரு போண்டாவோட பட்டறைக்கு போயிடுவாரு. கல்யாண சீசன்ல ஆர்டர் முடியாம எந்திரிக்க மாட்டாரு, மத்தியான சாப்பாடு மூணு மணி நாலு மணின்னு ஆயிடும். நடுவுல கை நடுங்குது வேர்க்குதுன்னா உலைச் சூடுன்னு நினைச்சுக்குவாரு, பக்கத்துல ரெண்டு பன்னும் டீயும் வாங்கி சாப்பிட்டா சரியாயிடும்னு. அப்புறம் பசி அடங்காம வயிறு முட்ட சோறு, ராத்திரி வரும்போது தட்டு வடை செட்டு.

மாத்திரை கிளிமிப்ரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூணும் சேந்த ஒன்னு.

மருந்துக்கடை தம்பி அம்மாபேட்டை:

அண்ணா நான் ஃபார்மசி படிச்சவன், கடையில டெய்லி இதே கதைதான் பாக்குறேன். கிளிமிப்ரைடு என்ன பண்ணும்னா, நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பாக்காது, கணையத்த அமுக்கி இன்சுலின வெளிய தள்ளிட்டே இருக்கும். சாப்பாடு வரலைன்னா சுகர் கீழ போகும். எங்க ஏரியா தறிக்காரங்க, உங்க பட்டறைக்காரங்க எல்லாருக்கும் பிரச்சனை இதுதான், மாத்திரை காலைல எட்டு மணிக்கு டான்னு உள்ள போகுது, சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. அதுதான் நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒன்ன விட்டு குழாய விரிய வைக்கும், ரத்தம் ஒட்டாம வழுக்கி ஓட வைக்கும். சாப்பிட்டதும் சுகர் சர்ருன்னு ஏறினா அந்த சவ்வு செல்லுக்குள்ள ஆக்சிஜன் கழிவு எக்கச்சக்கமா உண்டாகி அந்த நைட்ரிக் ஆக்சைட காலி பண்ணிடும், சவ்வு சொரசொரன்னு ஆகி வெள்ளை அணு வந்து ஒட்டும், தட்டணு ஒன்னோட ஒன்னு சேந்துக்கும், கெட்ட கொழுப்பு அந்த சந்துல நுழையும். சுகர் ஒரே உசரத்துல நின்னா செல் தன்னால முடிஞ்ச அளவு அதுக்கு பழகிக்கும், 90க்கும் 270க்கும் மாறி மாறி ஊஞ்சல் ஆடினா பழகவே நேரம் கிடைக்காது.

இது நானா சொல்றதில்ல. 2008ல செரியெல்லோன்னு ஒரு டாக்டரோட குழு ஆளுங்களுக்கு ட்ரிப்ஸ் மூலமா சுகர 90க்கும் 270க்கும் நடுவுல ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தி மாத்தி வச்சு, ஒரே அளவா ஏத்தி வச்சதோட ஒப்பிட்டாங்க. ரத்தக் குழாய் விரியுற சக்தி ஊஞ்சல்லதான் அதிகமா கெட்டுப் போச்சு.

ஓமலூர் ரோடு:

தம்பி சொல்றத மறுக்கல, ஆனா ஒரு பக்கமாவே போகுது. ஒரு நாள் ட்ரிப்ஸ் ஏத்தி பாத்த ஆராய்ச்சிய வச்சு 14 வருச அடைப்புக்கு காரணம் கண்டுபிடிச்சிட முடியாது. அடைப்பு வரதுக்கு பிபி, எல்டிஎல்னு சொல்ற கெட்ட கொழுப்பு, புகை, தொப்பை, கிட்னி, பரம்பரை எல்லாம் சேரணும். எனக்கே சுகர் 20 வருசமா இருக்கு, ஸ்டென்ட் வச்சிருக்கேன், அனுபவத்துல சொல்றேன். டென்மார்க்ல ஸ்டெனோ-2ன்னு ஒரு ஆராய்ச்சி, 160 பேர்தான், ஆனா எட்டு வருசம் கிட்ட தொடர்ந்தாங்க. சுகர், பிபி, கொழுப்பு, புகை, சாப்பாடு எல்லாத்தையும் ஒண்ணா இறுக்கிப் பிடிச்சவங்களுக்கு இதய நோய் பாதிக்கு பாதி குறைஞ்சுது. 2003ல வந்தது. ஊஞ்சல் ஊஞ்சல்னு பேசிட்டு ஸ்டாட்டின்னு சொல்ற கொழுப்பு மாத்திரைய விட்டுடாதீங்கன்னுதான் சொல்ல வரேன். அப்பாவோட எல்டிஎல் எவ்வளவு இருந்துச்சு?

செவ்வாப்பேட்டை மகன்:

138 சார். ஆபரேஷனுக்கு முன்னாடி கொழுப்பு மாத்திரை யாருமே எழுதினதில்ல. 14 வருசத்துல ரெண்டு தடவதான் கொழுப்பு டெஸ்ட்டே எடுத்திருக்கோம்.

ஓமலூர் ரோடு:

பாருங்க. 40 வயசு தாண்டின சுகர்காரருக்கு ஸ்டாட்டின் பேச்சையே எடுக்காம விட்டது பெரிய குறை. இதையும் கணக்குல சேத்துக்கோங்க. அப்பாவுக்கு இப்ப 55க்கு கீழ கொண்டு வரணும்னு சொல்லியிருப்பாங்க, அத விடாதீங்க.

மருந்துக்கடை தம்பி அம்மாபேட்டை:

சார் சொன்னத முழுசா ஒத்துக்கிறேன். கொழுப்புதான் சாந்து, சுகர் ஊஞ்சல் செவுத்த பேத்து விடுது, ரெண்டும் வேணும். ஆனா நான் சொல்ல வந்ததுல பாதிதான் சொன்னேன், மேல போற பாதி. கீழ போற பாதி இன்னும் மோசம், அதப் பத்தி யாரும் பேசறதே இல்ல.

சுகர் 70க்கு கீழ போனா உடம்பு பயந்து அட்ரினலின கொட்டும். அதான் நடுக்கம், படபடப்பு, வேர்வை. அந்த நேரம் இதயம் வேகமா அடிக்கும், ரத்தக் குழாய் சுருங்கும், ரத்தம் உறையுற தன்மை கூடும், ரத்தத்துல பொட்டாசியம் குறையும், ஈசிஜில கியூடின்னு ஒரு இடைவெளி நீளும். அது நீண்டா துடிப்பு தாறுமாறா போக வழி திறந்துடும். நல்ல இதயம் இருக்கறவங்க தாங்கிக்குவாங்க, ஏற்கனவே அடைப்பு இருக்கற இதயத்துக்கு அது தினமும் ஒரு அடி. 54க்கு கீழ போறத டாக்டருங்க தனியா சீரியஸ்னு பிரிச்சு வச்சிருக்காங்க. உங்கப்பாவுக்கு 52.

அமெரிக்கா, கனடாவுல அக்கார்டுன்னு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 10,251 பேரு. பாதிப் பேருக்கு எச்பிஏ1சிய 6க்கு கீழ கொண்டு வரணும்னு மருந்த ஏத்திக்கிட்டே போனாங்க, மீதிப் பேருக்கு 7ல இருந்து 7.9 போதும்னு விட்டாங்க. இறுக்கிப் பிடிச்ச பக்கம் 257 பேர் இறந்தாங்க, விட்ட பக்கம் 203. 2008ல அந்த இறுக்கற பகுதிய நடுவுலயே நிறுத்திட்டாங்க. லோ சுகர்தான் காரணம்னு அதுல நிரூபணம் ஆகல, ஆனா லோ சுகர் அந்தப் பக்கம்தான் ரொம்ப அதிகம். அதுக்கப்புறம்தான் வயசானவங்களுக்கு, இதய நோய் இருக்கறவங்களுக்கு நம்பர விரட்டாதீங்கன்னு வந்துச்சு.

காப்பிக்காடு ஏற்காடு:

இதப் படிச்சதும் என்னால பேசாம இருக்க முடியலைங்க. எங்க மாமியாருக்கு 58 வயசு, எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிக்கப் போறவங்க, இன்சுலின் போட்டுக்கறவங்க. கார்த்திகையில இருந்து தை வரைக்கும் பறிப்பு. விடியக்காலைல பனியோட ஊசிய போட்டுட்டு ரெண்டு வாய் பழைய சோறோட ஏறிடுவாங்க, கூடை நிறையற வரைக்கும் குனிஞ்சு நிமிந்து வேலை. போன வருசம் காட்டுக்குள்ளயே மயங்கி விழுந்துட்டாங்க, சுகர் 41. ஜீப்ல 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போறதுக்குள்ள நான் எத்தன சாமிய கூப்பிட்டேன்னு எனக்கே தெரியாது. நல்லவேளை கூட வேலை பாத்த அக்கா ஒருத்தங்க முழிப்பு இருக்கும்போதே சக்கரைத் தண்ணி குடுத்திருந்தாங்க. அங்க ஈசிஜி பாத்தப்ப துடிப்பு முறை தப்பி இருந்துச்சு, சுகர் ஏறினதும் ஒரு மணி நேரத்துல சரியாச்சு. இதயத்துக்கும் லோ சுகருக்கும் சம்பந்தம் இருக்குன்னு அன்னைக்குதான் கண்ணால பாத்தேன்.

சரி, அதுவரைக்கும் 300, 320ன்னு இருந்தவங்களுக்கு திடீர்னு 41 எப்படின்னு கேட்டா, டாக்டரம்மா வயித்த தொட்டுப் பாத்தாங்க. தொப்புளுக்கு இடது பக்கம் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு மெத்துன்னு ஒரு கட்டி. வலிக்காத இடம்னு ஆறு வருசமா அதே இடத்துல ஊசி போட்டிருக்காங்க. அந்தக் கட்டிக்குள்ள போட்ட இன்சுலின் ஒரு நாள் ஒழுங்கா ஏறாது, ஒரு நாள் மொத்தமா எறங்கும்னு சொன்னாங்க. இடத்த மாத்தச் சொன்னாங்க, ஆனா புது இடத்துல மருந்து நல்லா வேலை செய்யும் அதனால அளவ நான் குறைக்கிறேன் நீங்களா பழைய அளவ போடாதீங்கன்னு கண்டிசனா சொல்லி அனுப்பினாங்க.

ஓய்வு நர்ஸ் அயோத்தியாப்பட்டணம்:

அந்த டாக்டரம்மாவுக்கு கோடி புண்ணியம். வயித்த தொட்டுப் பாக்கற டாக்டர் இப்ப கம்மி. இன்சுலின் போடற எல்லாரும் இன்னைக்கே விரலால தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். கலங்கலா பால் மாதிரி இருக்கற இன்சுலின் போடறவங்க பேனாவ உள்ளங்கையில பத்து தடவ உருட்டி, பத்து தடவ தலைகீழா திருப்பி அப்புறம் போடணும், இல்லன்னா ஒரு நாள் தண்ணி, ஒரு நாள் மருந்துதான். மேல ஏற்காட்டுல குளிர், அது பரவால்ல. கீழ சேலத்துல சித்திரை வெயில்ல பிரிஜ் இல்லாத வீட்ல மண்பானைல தண்ணி ஊத்தி அதுக்குள்ள சின்ன பானைய வச்சு மருந்த வைங்க, நல்லாவே தாங்கும்.

மகன் தம்பி, அப்பாவுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன மாத்திரை குடுத்திருக்காங்க? மெட்டோப்ரோலால் இருக்கா?

செவ்வாப்பேட்டை மகன்:

இருக்குங்கக்கா, காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு. ஏங்கக்கா?

ஓய்வு நர்ஸ் அயோத்தியாப்பட்டணம்:

அத நிறுத்தக்கூடாது, இதயத்துக்கு அவசியமான மாத்திரை. ஆனா அது அட்ரினலினோட வேலைய அடக்கும். இனிமே சுகர் எறங்கினா அப்பாவுக்கு கை நடுக்கம், படபடப்பு தெரியாமலே போகலாம். மிச்சம் இருக்கற முக்கியமான அறிகுறி வேர்வை. அவரு நிக்கிறதோ உலை முன்னாடி. அங்க எல்லாருக்கும்தான் வேர்க்கும். அதனால அவரு உடம்பு சொல்றத நம்பி இருக்க முடியாது கண்ணு. வேர்த்தா மிஷின எடுத்து பாக்கணும், வேற வழியே இல்ல.

செவ்வாப்பேட்டை மகன்:

அக்கா இத யாரும் எங்ககிட்ட சொல்லல. படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். மிஷின் இதுவரைக்கும் வீட்ல பீரோவுக்குள்ளதான் இருந்துச்சு.

மருந்துக்கடை தம்பி அம்மாபேட்டை:

அண்ணா இன்னொன்னு, ரொம்ப முக்கியம். அப்பா மாத்திரையில வோக்லிபோஸ் இருக்குன்னீங்க. அது குடல்ல சக்கரைய உடைக்கற வேலைய தடுக்கும். அதனால லோ ஆனா பன்னு, சக்கரை டீ, மிட்டாய் எல்லாம் லேட்டாத்தான் ஏறும். அவங்களுக்கு குளுக்கோஸ் பவுடர்தான், 15 கிராம், தண்ணில கலக்கி குடிக்கணும், 15 நிமிசம் கழிச்சு திரும்ப பாக்கணும், 70 தாண்டலைன்னா இன்னொரு தடவ. தாண்டினப்புறம் அளவா ஒரு சாப்பாடு. ரெண்டு பன்னு சாப்பிட்டும் உடனே சரியாகலைன்னு மேல மேல சாப்பிட்டுதான் ராத்திரி 287 வந்திருக்கு. லோவும் ஹையும் தனித்தனி இல்ல, மத்தியானம் எறங்கினதுதான் ராத்திரி ஏறுது.

டாக்டர்கிட்ட ரெண்டு விசயம் கேளுங்க. ஒன்னு, கிளிமிப்ரைட குறைக்கவோ மாத்தவோ முடியுமான்னு. ரெண்டு, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை அப்பாவுக்கு ஒத்துவருமான்னு. அது தனியா சுகர கீழ தள்ளி விடறது அபூர்வம், சுகர சிறுநீர்ல வெளிய அனுப்பும், இதயம் பம்ப் பண்றது குறைஞ்சவங்களுக்கு அதுவே இதய மருந்து. 2015ல வந்த எம்பா-ரெக் ஆராய்ச்சில இதய நோயால இறக்கறது 38 சதவீதம் குறைஞ்சுது. முன்னாடி விலை ஜாஸ்தி, இப்ப பேட்டன்ட் முடிஞ்சு நிறைய கம்பெனி போடறதால வாங்கற விலைக்கு வந்துடுச்சு. ஆனா வாந்தி பேதி, பட்டினி, ஆபரேஷன் சமயத்துல அத நிறுத்தணும், சிறுநீர் போற இடத்துல புண் வருதான்னு பாக்கணும், அதனால நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க.

தறிக்காரர் கொண்டலாம்பட்டி:

குறுக்க வரதுக்கு மன்னிக்கணும். எனக்கு எச்பிஏ1சி 6.9, ஆனா சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 260 வருது. ஜவ்வரிசி உப்புமா தினமும் சாப்பிடுறேன், நம்மூர் ஐட்டம், லேசானதுன்னு. மாம்பழ சீசன் வேற. சுகர விடாம பாத்துட்டே இருக்கற சென்சார் ஒட்டிக்கிட்டா உபயோகமா?

ஓய்வு நர்ஸ் அயோத்தியாப்பட்டணம்:

ஜவ்வரிசி வயித்துக்கு லேசு, சுகருக்கு லேசு இல்லைங்க. குச்சிக்கிழங்கு மாவுதான அது, நார்ச்சத்து இல்ல, சுகர் வேகமா ஏறும். எப்பவாவது சாப்பிடுங்க, அதுவும் பச்சைப் பயறு, காய் நிறைய போட்டு. மாம்பழம் சோத்துக்கு மேல வேண்டாம், சாயந்திரம் தனியா ரெண்டு துண்டு. சாப்பாட்டுல மொத காய், பருப்பு, முட்டை, அப்புறம் சோறுன்னு வரிசைய மாத்தினாலே ஏத்தம் குறையும். சாப்பிட்டதும் தறி முன்னாடி உக்காராம பத்து நிமிசம் நடங்க. அப்புறம் ரத்த சோகை இருந்தா எச்பிஏ1சி தப்பா காட்டும், ஹீமோகுளோபின் ஒரு தடவ பாத்துக்கோங்க.

மருந்துக்கடை தம்பி அம்மாபேட்டை:

சென்சார் ரெண்டு வாரம் கையில ஒட்டி இருக்கும். ஒரு தடவ ஒட்டிப் பாத்தாலே உங்க நாள் எப்படி போகுதுன்னு தெரிஞ்சிடும். 70ல இருந்து 180க்குள்ள நாள்ல 70 சதவீத நேரம் இருக்கணும், 70க்கு கீழ 4 சதவீதத்துக்கு கம்மியா இருக்கணும். ஏத்த இறக்கத்துக்குன்னு ஒரு சதவீதம் தனியா போடுவான், அது 36க்குள்ள இருந்தா நிலையா இருக்குன்னு அர்த்தம். ஆயிரக்கணக்குல செலவு பண்ண முடியலைன்னா விரல் குத்தற மிஷினே போதும், ஆனா தினமும் காலைல வெறும் வயித்துல மட்டும் பாக்காம நேரத்த மாத்தி மாத்தி பாருங்க. மத்தியானம் என்ன, படுக்கும்போது என்ன, ஒரு நோட்டுல எழுதுங்க, டாக்டர்கிட்ட அந்த நோட்ட நீட்டுங்க.

காப்பிக்காடு ஏற்காடு:

நோட்டு விசயம் நெசம். எங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை கொண்டு வர அக்காவே இப்ப நோட்ட வாங்கிப் பாக்குறாங்க. மாமியார் பறிப்புக்கு போகும்போது முந்தானையில குளுக்கோஸ் பாக்கெட் முடிஞ்சு வச்சுக்கறாங்க, கூட போற நாலு பேருக்கும் எங்க இருக்குன்னு தெரியும்.

ஓமலூர் ரோடு:

முதல்ல மறுத்து எழுதினேன், இந்த மெட்டோப்ரோலால் சமாச்சாரம் எனக்கும்தான். ஸ்டென்ட் வச்சு நாலு வருசமா சாப்பிடுறேன், கூடவே கிளிமிப்ரைடு. புரட்டாசி சனிக்கிழமை ஒரு வேளை விரதம் வேற இருக்கேன். நேத்து சனிக்கிழமை பதினோரு மணிக்கு எடுத்துப் பாத்தேன், 63. ஒன்னுமே தெரியல உடம்புல. நல்லாத்தான் உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தேன். உடனே குளுக்கோஸ் குடிச்சேன். திங்கக்கிழமை டாக்டர பாக்க போறேன். நன்றிங்க நர்ஸ் அம்மா.

ஓய்வு நர்ஸ் அயோத்தியாப்பட்டணம்:

கண்டிப்பா போங்க சார். விரத நாளுக்கு மாத்திரை அளவு வேறன்னு அவங்களே எழுதித் தருவாங்க. அதுவரைக்கும் வண்டி ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கோங்க.

செவ்வாப்பேட்டை மகன்:

ஒரு மாசம் ஆச்சு, சொல்லிட்டு போகலாம்னு வந்தேன். வேற டாக்டர்கிட்ட மிஷினையும் நோட்டையும் நீட்டினோம். முக்கால் மணி நேரம் ஒவ்வொரு நம்பரா பாத்தாரு. கிளிமிப்ரைட நிறுத்திட்டாரு, டாபாகிளிஃப்ளோசின் ஆரம்பிச்சிருக்காரு, ராத்திரி ஒரு நேரம் மட்டும் கம்மியா இன்சுலின். எல்டிஎல் 71க்கு வந்திருக்கு, இன்னும் இறக்கணும்னாரு. எச்பிஏ1சி 7ல இருந்து 7.5க்குள்ள இருந்தா போதும், கீழ போகாம பாத்துக்கறதுதான் இப்ப வேலைன்னாரு.

அப்பா ரெண்டு மணி நேரம் பட்டறைக்கு போய் உக்காந்துட்டு வராரு, பசங்க வேலைய பாத்துக்கறாங்க. பன்னெண்டரைக்கு அம்மா போன் அடிக்கும், சாப்பாட்டு டப்பா திறக்கற சத்தம் கேட்டாத்தான் வைக்கும். மிஷினும் குளுக்கோஸ் பாக்கெட்டும் தராசுக்கு பக்கத்துல, பட்டறைல எல்லாருக்கும் தெரியற மாதிரி. போன வாரத்து ரீடிங் 96, 171, 142, 188, 104, 163, 131.

மருந்துக்கடை தம்பி அம்மாபேட்டை:

அண்ணா கண்ணு கலங்குது. அந்த 131 சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?

செவ்வாப்பேட்டை மகன்:

முன்னாடி தம்பி. நேத்து மத்தியானம், உலை பக்கம் போனப்ப கழுத்தெல்லாம் வேர்த்திருக்கு. பசங்க நிறுத்தச் சொல்லி உக்கார வச்சு விரல குத்திப் பாத்திருக்காங்க. வெறும் உலைச் சூடுதான்.